ஐம்பது வருஷத்து ஆமையும் ஒரு வருஷத்து இறாலும்

குழந்தைகளுக்கான பொது அறிவுப் புத்தகம் எதை எடுத்தாலும் அதில் ஒரு பக்கம் தவறாமல் இருக்கும். எலிக்கு 2 வருஷம், நாய்க்கு 12 முதல் 15, பசுவுக்கு 20, குதிரைக்கு 25 முதல் 30, யானைக்கு 60 முதல் 70, ஆமைக்கு 100-க்கு மேல் என்று வரிசையாக ஆயுள் போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே ஓர் ஆமை, தாத்தாவைப் போல மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரிக்கும். குழந்தை அதை நெட்டுருப் போடும். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் முன்னால் அதை ஒப்பிக்கச் சொல்லிப் பெற்றோர் பூரித்துப்போவார்கள். விருந்தாளியும் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "அடேயப்பா! நூறு வருஷமா!" என்பார்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். எண்கள் ஏறக்குறைய சரியானவைதாம். அவற்றில் எனக்குத் தகராறு இல்லை. படிக்கிறவர் மனத்தில் அவை உண்டாக்கும் நினைப்புத்தான் தப்பு. ஒவ்வொரு பிராணிக்கும் இத்தனை வருஷம் என்று பிரம்மா தலையில் எழுதி அனுப்பிவிட்டான், அது அத்தனை வருஷமும் இருந்துவிட்டுத்தான் போகும் என்று நாம் நிம்மதியாக எண்ணிக்கொள்கிறோம். "ஆமைக்கு என்ன சார், நம் பேரன் காலத்திலும் அது இருக்கும்" என்று படித்த நண்பர் ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒரு பிராணி வாழக்கூடிய வயது வேறு. அது வாழ்கிற வயது வேறு. புத்தகத்தில் இருப்பது முதலாவது. தெருவிலும் கொட்டிலிலும் கடலிலும் நடப்பது இரண்டாவது.

கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். புழக்கடையில் விட்டால் 7, 8 வருஷம் இருக்கக்கூடிய ஜீவன் அது. பல்லடத்துப் பண்ணைகளில் வளர்கிற கறிக்கோழிக்கு நாம் விதித்திருக்கும் ஆயுள் சுமார் 40 நாள். யானைக்கு 70 வயது என்கிறோம். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, 2022 நவம்பரில் நடந்துபோகிற வழியில் சரிந்து விழுந்து உயிரை விட்டபோது அதற்கு வயது 32-ஐ ஒட்டித்தான். ஊரே திரண்டு அழுதது. பட்டியலில் இருந்த மீதி 38 வருஷம் எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் அதிகம் பேர் இல்லை.

மறுபக்கமும் உண்டு. ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வு என்று பழமொழியே வைத்திருக்கிறோம். மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி வந்து, காலையில் இறக்கை உதிர்ந்து கிடப்பதைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. காக்கைக்கும் பல்லிக்கும் தப்பி, இறக்கையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் புகுந்த ஈசல் ஜோடி என்ன ஆகிறது? அதில் பெண் ஈசல்தான் கறையான் புற்றின் ராணியாகிறது. பத்து வருஷத்துக்கு மேலும் அது உயிரோடிருந்து முட்டையிடும். ஆக, செத்ததை மட்டும் பார்த்து ஈசலின் ஆயுளைக் குறைத்துச் சொன்னோம். சாவைப் பார்க்காமலே ஆமையின் ஆயுளைக் கூட்டிச் சொல்லுகிறோம்.

இத்தனை பீடிகையும் ஆமைக்காகத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துவிட வேண்டும். நூறு, இருநூறு என்று பேசப்படுவதெல்லாம் பெரிய நிலத்து ஆமைகளைப் பற்றியது. செயின்ட் ஹெலினா தீவின் ஜானதன் என்ற ஆமை 1832-ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் 2006-இல் இறந்த அத்வைதாவுக்கு 250 வயது என்று சொன்னார்கள். நம் கரைக்கு வருகிற கடலாமை வேறு ஜாதி. தை, மாசி, பங்குனியில் வந்து முட்டையிட்டுப் போவதால் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர். 40 கிலோ எடை இருக்கும். அது வாழக்கூடிய வயது ஏறக்குறைய 50 வருஷம். மனிதனோடு ஒப்பிட்டாலும் கௌரவமான ஆயுள்தான்.

தாம்பரத்தில் குடியிருக்கும் எனக்குக் கோவளம் எட்டாத ஊர் அல்ல. வண்டலூரைத் தாண்டிக் கேளம்பாக்கம் வழியாகப் போனால் கடல் வந்துவிடுகிறது. 2021-இல் அந்தக் கடற்கரைக்குச் சுத்தத்துக்கான சர்வதேச நீலக் கொடி கிடைத்தது. நல்ல விஷயம். மணலை அரித்துச் சுத்தம் செய்கிறார்கள். மூங்கில் குடை நட்டிருக்கிறார்கள். குளிக்க இடம், உடை மாற்ற இடம் எல்லாம் இருக்கின்றன. 2025 ஜனவரியில் நான் அங்கே போனபோது, அந்த ஒழுங்கெல்லாம் முடிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஆமை கிடந்தது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, ஓடு மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் கிடந்தது. நாய் ஒன்று அதை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. கல்லூரிப் பையன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "வயசாகிச் செத்திருக்கும்" என்று தன் சிநேகிதியிடம் சொன்னான். அவனும் அந்தப் பொது அறிவுப் பக்கத்தைப் படித்தவன்தான்.

வயதாகிச் சாகவில்லை. அந்தப் பருவத்தில் சென்னையைச் சுற்றியுள்ள கரைகளில் 1,000-க்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. நீலாங்கரை முதல் கோவளம் வரை மணல் நெடுகக் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அறுத்துப் பார்த்தவர்கள் சொன்ன காரணம் மூச்சுத் திணறல். கடலிலே வளர்ந்த பிராணி கடலில் மூழ்கிச் செத்திருக்கிறது!

இது எப்படி என்று சிலர் ஆச்சரியப்படலாம். ஆமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சுவிட அது மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை மடி கடலின் அடித்தளத்தை வாரிக்கொண்டு வருகிறபோது, இறாலோடும் மீனோடும் ஆமையும் உள்ளே போகிறது. மடியை இரண்டு மணி, மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டே போகிறார்கள். பயந்து துடிக்கிற ஆமையின் மூச்சு அதுவரை தாங்காது. மடியைத் தூக்கியதும், செத்த ஆமை எதற்கு உதவும் என்று கடலிலேயே எறிந்துவிடுகிறார்கள். அலை கொண்டுவந்து போட்டதைத்தான் நாம் எண்ணினோம். அடியில் மக்கிப்போனதையும் மீன்கள் தின்றதையும் எண்ணியவர் யார்?

"1,000 ஆமைதானே? ஒரிஸாவில் லட்சக்கணக்கில் வருகிறதே!" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வருவது உண்மை. 2025-இலேயே ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்தில் லட்சக்கணக்கான ஆமைகள் ஏறி முட்டையிட்டன. ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். பங்குனி ஆமை தாயாவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கு மணலில் ஏறுகிற தாய்களில் மிக இளையவள்கூடப் பத்து வருஷத்துக்கு முன்னால் பொரிந்த குஞ்சு. இன்றைய சாவின் முழு விளைவு கரைக்குத் தெரிய இன்னும் ஒரு தலைமுறை ஆகும். முதலைத் தின்றுகொண்டே, "வட்டி வருகிறதே, கவலை எதற்கு?" என்று கேட்கிற குடும்பஸ்தனை நாம் என்ன சொல்லுவோம்?

பிராணிகளில் சில ஏன் நெடுங்காலம் வாழ்கின்றன, சில ஏன் சீக்கிரம் போய்விடுகின்றன என்பதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணத்தில் பெரிய நியாயம் இருக்கிறது. எந்த நேரமும் பிறர் வாயில் விழக்கூடிய பிராணி, சீக்கிரம் பருவமடைந்து, சீக்கிரம் குட்டி போட்டு, சீக்கிரம் போய்விடுகிறது. எலி அப்படி, மத்தி மீன் அப்படி, இறால் அப்படி. இறாலின் ஆயுள் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. எவ்வளவு பிடித்தாலும், இனப்பெருக்கக் காலத்தில் விட்டுவைத்தால் அடுத்த வருஷமே மீண்டுவிடும். ஓட்டையோ இறக்கையையோ பெரிய உடம்பையோ வைத்துக்கொண்டு ஆபத்தில்லாமல் இருக்கிற பிராணி நிதானமாக வளருகிறது, நிதானமாகப் பெறுகிறது. வளர்ந்த கடலாமைக்குச் சுறாவைத் தவிர அதிக விரோதி கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் அதன் வாழ்க்கையே அமைந்திருக்கிறது. அதன் நீண்ட ஆயுள் அதற்குக் கிடைத்த பரிசு என்று நினைக்காதீர்கள். அது இல்லாமல் அந்த இனத்துக்குக் கதியில்லை.

சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குழியில் சுமாராக 100 முட்டை. ஒரு பருவத்தில் இரண்டு குழி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நண்டு, காக்கை, நாய், பெரிய மீன் எல்லாம் தின்றது போக, 1,000 குஞ்சுக்கு ஒன்றுதான் பிழைத்துப் பெரியதாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. தனக்குப் பதிலாக ஒன்று, தன் ஜோடிக்குப் பதிலாக ஒன்று என்று இரண்டே இரண்டு பேரைக் கடலில் விட்டுப் போக ஒரு தாய்க்கு 2,000 முட்டை தேவை. அதாவது 20 குழி. அதாவது 10 வருஷம். பதினைந்து வயதில் தாயானவள் இருபத்தைந்து வயது வரையாவது உயிரோடிருந்தால்தான் கடன் தீருகிறது. பதினாறாம் வயதில் மடியில் சிக்கினால் அந்தக் குடும்பம் முழுகிப்போயிற்று.

ஒரே மடியில் ஒரு வருஷத்துப் பிராணியும் ஐம்பது வருஷத்துப் பிராணியும் சேர்ந்து வருகின்றன. ஒன்று அடுத்த வருஷம் திரும்பி வரும், மற்றது வராது. இந்த வித்தியாசத்தை நாம் மதிக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

மதிக்கவில்லை என்பதற்குச் சர்க்காரின் காலண்டரே சாட்சி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் பெருகட்டும் என்று செய்த ஏற்பாடு. படகுக்காரர்களுக்கு உதவித் தொகையும் கொடுக்கிறார்கள். சந்தோஷம். ஆமை வருவது எப்போது? ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தடை தொடங்குகிறபோது பெரும்பாலான ஆமைகளுக்கு முட்டையிடுகிற வேலை முடிந்துவிட்டது, அல்லது உயிரே முடிந்துவிட்டது. மீனின் பஞ்சாங்கம் தெரிந்த இலாகாவுக்கு ஆமையின் பஞ்சாங்கம் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்று விதி இருக்கிறது. தாய் ஆமைகள் காத்து நிற்கிற இடமும் அதுதான். அந்த ஐந்து மைலுக்குள் ராத்திரியில் தெரிகிற விளக்கு வரிசையைக் கோவளத்துக் குப்பத்தில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார். அதிகாரிகள் கண்ணுக்கு மட்டும் அது தெரிவதில்லை.

ஒரிஸாவில் நவம்பர் முதல் மே கடைசி வரை, முக்கியமான மூன்று ஆற்று முகத்துவாரங்களைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் மீன்பிடிப்பை நிறுத்திவைக்கிறார்கள். அங்கேயும் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். நாம் என்றால் நீங்களும் நானும். பத்திரிகை படிக்கிற, ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிற மத்தியதர வர்க்கம். நமக்கு ஆமைக் குஞ்சு என்றால் கொள்ளை ஆசை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தக் குஞ்சைக் கூடையிலிருந்து மணலில் விட்டு, அது தத்தித் தத்திக் கடலில் இறங்குவதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம். மந்திரிகளும் விடுகிறார்கள். 2024-ஆம் வருஷப் பருவத்தில் தமிழ்நாட்டுக் கரையில் 2 லட்சத்துக்கு மேல் குஞ்சுகள் விடப்பட்டன. கேட்கும்போதே மனம் குளிர்கிறது. ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த 2 லட்சம் பதினைந்து வருஷம் கழித்து 200 ஆமை! அடுத்த பருவத்திலேயே நாம் சாகவிட்டது 1,000-க்கு மேல். ஐந்து வருஷத்துப் புண்ணியம் ஒரே தையில் போயிற்று.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் டெபரா க்ரௌஸ் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்கள் இருவரும் 1987-ஆம் வருஷமே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது பெருந்தலை ஆமையை. கரையில் ஒரு முட்டைகூட வீணாகாமல் காப்பாற்றினாலும் அந்த இனம் தேய்வதை நிறுத்த முடியாது. கடலில் வளர்ந்தவையும் வளர்கிறவையும் சாவதைக் குறைத்தால்தான் பிழைக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்தக் கணக்கு, மடியில் ஆமை விலக்குக் கருவி வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரிய பலமாயிற்று. அது ஒன்றும் பிரமாதமான யந்திரம் அல்ல. மடியின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம். அதற்கு மேலேயோ கீழேயோ ஒரு வாசல். இறால் கம்பி இடுக்கில் நுழைந்து பின்னால் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி வாசல் வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்குப் பொருத்தமாகவே ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறது. வாசல் வழியே கொஞ்சம் மீனும் போய்விடும் என்று படகுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். போகும்தான். அந்தக் கொஞ்ச நஷ்டத்துக்கு ஈடு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆமையைக் கொல்ல உரிமை கிடையாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் புலிக்குத் தந்திருக்கிற இடத்தையே பங்குனி ஆமைக்கும் தந்திருக்கிறது.

குஞ்சு விடுகிறவர்களை நான் கேலி செய்வதாக எண்ண வேண்டாம். 1970-களின் ஆரம்பத்திலேயே சதீஷ் பாஸ்கரைப் போன்ற சிலர் இந்தக் கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்தார்கள். 1988 முதல் சென்னை மாணவர்கள் அதை ஓர் அமைப்பாகவே நடத்தி வருகிறார்கள். விடிய விடிய நடந்து குழி தேடி முட்டைகளைப் பத்திரப்படுத்துகிற அவர்கள்தாம், காலையில் பிணங்களையும் எண்ணி ஊருக்குச் சொல்லுகிறார்கள். அவர்களிடமிருந்து குஞ்சின் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பிணத்தின் எண்ணிக்கையை வாங்க மறுக்கிற நம் மனோபாவத்தைத்தான் சாடுகிறேன்.

மீனவர் மீது எல்லாப் பழியையும் போடுவதும் அநியாயம். கோவளத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவரும் அந்த இழுவை மடியால் நஷ்டப்படுகிறவர்தான். அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போவதும் அதே விசைப்படகுதான். விசைப்படகுத் தொழிலாளி கூலிக்கு மடி இழுக்கிறார். அந்த இறால் எங்கே போகிறது? நம் வீட்டுத் தொக்குக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களின் வறுவலுக்கும்தானே? அமெரிக்கா 1989-இல் ஒரு சட்டம் செய்து, ஆமையைக் காப்பாற்றாமல் பிடித்த இறாலை உள்ளே விடமாட்டேன் என்றது. இந்தியாவும் வேறு மூன்று தேசங்களும் உலக வர்த்தக நிறுவனம் வரை போய் வழக்காடின. 1998-இல் தீர்ப்பு வந்தது. நம் கடல் இறாலுக்கு அங்கே கதவு அடைபட்ட பிறகுதான் இங்கே ஆமை விலக்குக் கருவியைப் பற்றிய பேச்சு சுறுசுறுப்படைந்தது. எங்கேயோ இருக்கிற அந்நியன் தன் தட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, ஆமையின் பிணத்தைக் காலால் தாண்டி நடக்கிற நாம் ஏன் கேட்கவில்லை?

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஆமை நம் வீட்டுக்குள் புகவில்லை. வருஷத்தில் ஓர் இரவு, இரண்டு இரவு, நம் மணலில் முக்கால் மணி நேரம் இடம் கேட்டு வருகிறது. நாம்தான் அதன் வீட்டில் புகுந்திருக்கிறோம்.

செய்ய வேண்டியவை சொற்பம். ஜனவரி முதல் மார்ச் வரை அந்த ஐந்து மைலை உண்மையாகவே காவல் செய்யட்டும். ஒவ்வோர் இழுவை மடியிலும் விலக்குக் கருவி இருக்கிறதா என்று துறைமுகத்திலேயே பார்த்து அனுப்பட்டும். 61 நாளுக்குக் கொடுப்பதைப் போல இந்த மாதங்களின் நஷ்டத்துக்கும் ஈடு கொடுக்கட்டும். குஞ்சு விட்ட எண்ணிக்கையை அச்சிடுகிற அறிக்கையில், செத்த ஆமைகளின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே அச்சிடட்டும். நாமோ, தை மாதத்தில் இறால் வாங்கும்போது அது பண்ணை இறாலா, கடல் இறாலா, மடியில் கருவி இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்போம். விற்கிறவருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் ஏலக்காரரைக் கேட்பார். ஏலக்காரர் படகுக்காரரைக் கேட்பார். அந்தக் கேள்வி காசிமேட்டுக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று நான் சொல்ல முடியாது. ஆமை தாயாவதற்கு ஆகிற காலத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.